பழைய கணினியும் நம் கையிலுள்ள அமானத்தும்

(அரக்கோணத்தில் நடைபெற்ற நம் அறக்கட்டளையின் பொதுக்குழுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக 'அலுவலகக் கணினிகளின் இயங்குதளத்தை மாற்றுவது பற்றி' என்று இருக்கிறது. ரமளான் நெருங்குகிறது, ஜகாத் மனுக்கள் வரப்போகின்றன, இந்த நேரத்தில் கணினியைப் பற்றி ஒரு பேச்சா என்று பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மனுக்கள் எல்லாம் போய்ச் சேரும் இடம் அதே கணினி. அதனால்தான் ரமளானுக்கு முன்பே இதை உங்கள் மஷூராவுக்குக் கொண்டு வருகிறேன்.

நிர்வாகக் குழுவில் இரண்டு கருத்துகள் இருக்கின்றன. "ஓடுகிற மிஷினை ஏன் மாற்ற வேண்டும்? பொதுப்பணத்தில் புதுசு வாங்குவது வீண்விரயம்" என்பது ஒன்று. "எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவோம்" என்பது மற்றது. இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. இரண்டையும் எடை போட்டுப் பார்த்துவிட்டு முடிவை உங்களிடம் விடுகிறேன்.

என்ன நடந்தது?

இயங்குதளம் என்பது கணினியை எழுப்பி, மற்ற மென்பொருள்களை எல்லாம் தன் மேல் ஓட விடும் அடிப்படை மென்பொருள். நம் அலுவலகத்தில் இருப்பது விண்டோஸ் 10. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015 ஜூலையில் வெளியிட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை நிறுத்திவிட்டது. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11க்கு மாறிக்கொள்ளுங்கள் என்று சொல்கிறது. திரையில் அடிக்கடி வந்து நிற்கும் அறிவிப்பு இதைத்தான் சொல்கிறது.

அக்டோபர் 15ஆம் தேதி காலையில் எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. நம்முடையதும் இன்றுவரை ஓடுகிறது. அப்படியானால் என்ன கெட்டுப்போனது?

நம் ஊர்க்காரர்களுக்கு ரயிலை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். எலக்ட்ரிக் லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்பதற்காக அதை ஷெட்டுக்குக் கொண்டுவராமல் விடுவீர்களா? கெடு வந்ததும் கொண்டுவந்து நிறுத்தி, பிரேக்கைப் பார்த்து, தேய்ந்ததை மாற்றித்தான் அனுப்புவீர்கள். விண்டோஸ் 10 இனி ஷெட்டுக்கு வராத எஞ்சின். இன்று ஓடும், நாளையும் ஓடும். எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று பார்க்க ஆள் இல்லை. ஆனால் அந்தத் தேய்மானத்தைத் தேடிக்கொண்டிருக்கும் திருடர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2017 மே 12ஆம் தேதி 'வான்னாகிரை' என்ற நச்சு மென்பொருள் பரவியது. கணினியில் உள்ள கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் பணம் கட்டு என்று மிரட்டியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாகின. பக்கத்து ஆந்திராவில் காவல்துறைக் கணினிகள் சில மாட்டிக்கொண்டன. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்ட கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அது நுழைய முடியவில்லை. போடாமல் விட்டவையும், அப்டேட் நின்றுபோன பழைய எக்ஸ்பி கணினிகளும் திறந்து கிடந்தன.

நம் கணினிக்குள் யார் இருக்கிறார்கள்?

வீட்டில் சினிமா பார்க்கிற கணினி என்றால் இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. நம் அலுவலகக் கணினியில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

மாத உதவி பெறும் விதவைகளின் பட்டியல் இருக்கிறது. அவர்களுடைய ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், செல்போன் எண் எல்லாம் அதில் இருக்கின்றன. டயாலிசிஸுக்கு உதவி கேட்டவர்களின் மருத்துவச் சான்றுகள் இருக்கின்றன. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்த பிள்ளைகளின் சாதிச் சான்று, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல் இருக்கின்றன. பெண்ணின் நிக்காஹ் செலவுக்குக் கை நீட்டிய தகப்பனார் எழுதிய கடிதம் இருக்கிறது. நன்கொடை தருபவர்களின் பான் எண்களும் இருக்கின்றன. ஏனென்றால் 80ஜி சலுகையுள்ள அறக்கட்டளைகள், யார் எவ்வளவு தந்தார்கள் என்ற விவரத்தை ஆண்டுதோறும் மே 31க்குள் வருமான வரித்துறையின் இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும்.

இந்தத் தாய்மார்களில் பலர் தாங்கள் உதவி வாங்குவது பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியக்கூடாது என்று அஸருக்குப் பிறகு ஆள் நடமாட்டம் குறைந்த நேரம் பார்த்து வந்து மனு கொடுக்கிறவர்கள். அந்த மானம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். பீரோவில் பூட்டி வைத்த காலத்தில் சாவியை யார் வைத்திருக்கிறார்கள் என்று கணக்குக் கேட்டோம். கணினிக்கு வந்த பிறகும் அதே கணக்கு உண்டு. எழுதி வைப்பதற்கு மார்க்கம் கொடுத்திருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதுதான். எழுதியதைக் காப்பதும் அதில் சேர்ந்ததே.

நாட்டின் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பரில் அதற்கான விதிகள் வெளியாகின. அவை படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஒருவருடைய விவரத்தை வாங்கி டிஜிட்டலாக வைத்திருப்பவர் அதைத் தகுந்த முறையில் பாதுகாக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

மாற்ற வேண்டாம் என்பவர்களின் நியாயம்

இனி மறுபக்கம். விண்டோஸ் 11 இலவசம்தான், ஆனால் எல்லாக் கணினியிலும் ஏறாது. 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் ஆகியவை பெரிய விஷயமில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும் என்பதுதான் தடை. ஏறக்குறைய 2018க்கு முன் வாங்கிய பெரும்பாலான கணினிகள் இதில் அடிபட்டுப் போகும். கைகால் நன்றாக இருக்கும் ஒரு மிஷினை ஒரு சிப்புக்காகக் காயலான் கடைக்கு அனுப்புவது மனதுக்கு ஒப்பவில்லை என்று பெரியவர்கள் சொல்வது சரிதான். இஸ்ராஃப் என்ற சொல்லை அவர்கள் காரணமில்லாமல் எடுக்கவில்லை.

அடுத்தது நம் மொழிகளின் சிக்கல். பழைய தமிழ்க் கோப்புகள் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கின்றன. பழைய மலர்கள் பேஜ்மேக்கரில் செய்தவை. எழுத்துருக்கள் புதிய விண்டோஸிலும் வேலை செய்யும். அவற்றில் தட்டச்சு செய்ய உதவிய பழைய விசைப்பலகை மென்பொருள்கள் ஓடும் என்று உறுதி சொல்ல முடியாது. விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டுமே வருகிறது. 16 பிட் காலத்து மென்பொருள்கள் அதில் அறவே ஓடாது.

உருதுக் கோப்புகள் இன்னும் ஒரு படி சிக்கலானவை. நஸ்தலீக் எழுத்தைக் கணினியில் கோப்பது நீண்ட காலம் கடினமாகவே இருந்தது. சென்னையிலிருந்து 1927 முதல் வெளிவந்த 'முஸல்மான்' நாளிதழைக் காத்திபுகள் பல பத்தாண்டுகள் கையாலேயே எழுதினார்கள். 1990களில் இன்பேஜ் வந்த பிறகுதான் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பகுதி அச்சகங்களில் உருது வேலை கணினிக்கு மாறியது. நம் மதரஸாவின் சான்றிதழ்களும் பழைய ஆண்டறிக்கைகளும் அந்த இன்பேஜ் கோப்புகளில் இருக்கின்றன. அதன் பழைய பதிப்புகளில் யூனிகோட் கிடையாது. அவசரப்பட்டு மிஷினை மாற்றினால் இவற்றைத் திறக்கவே முடியாமல் போகலாம். பிரின்டர், ஸ்கேனர் ஆகியவற்றுக்குப் புதிய விண்டோஸில் டிரைவர் கிடைக்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆக, மாற்றாமல் இருப்பதில் ஆபத்து இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவதிலும் இழப்பு இருக்கிறது.

நான்கு வழிகள்

முதல் வழி, தகுதியுள்ள கணினியில் விண்டோஸ் 11ஐ இலவசமாக ஏற்றிக்கொள்வது. மைக்ரோசாப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற சிறிய செயலியை ஓட்டினால் தகுதி உண்டா இல்லையா என்று சொல்லிவிடும். "இல்லை" என்று வந்ததும் மனம் தளர வேண்டாம். பல கணினிகளில் டிபிஎம் சிப் இருந்தும் பயாஸில் அணைந்து கிடக்கும். விவரம் தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் அதை இயக்கி விடுவார். 4 ஜிபி ரேம் போதும் என்று ஏட்டில் இருந்தாலும் நடைமுறையில் 8 ஜிபியும், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டியும் இருந்தால்தான் இழுக்காமல் ஓடும்.

இரண்டாவது, கூடுதல் கால அப்டேட். வீட்டில் தனிநபர்கள் வைத்திருக்கும் விண்டோஸ் 10 கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகளை நீட்டித்துக்கொள்ள வழி கொடுத்திருக்கிறார்கள். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் செட்டிங்ஸைப் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. இல்லையென்றால் 30 டாலர் கட்டலாம். ஆனால் நிறுவனங்களுக்குத் தனிக் கட்டணம்: ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டு இரட்டிப்பு, அதுவும் மூன்று ஆண்டுகள்தான். நம்மைப் போன்ற அறக்கட்டளைக்கு அது கட்டுபடியாகாது. வீடுகளுக்கு இது நல்ல அவகாசம், அவகாசம் மட்டுமே.

மூன்றாவது, லினக்ஸ். இதற்குப் பணம் கிடையாது, பழைய மிஷினிலும் நன்றாக ஓடும். ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்ற பெயரில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்காகவே ஒரு லினக்ஸைச் செய்திருக்கிறது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸ் 7உடன் பாஸும் சேர்ந்து வந்தது. உங்கள் பிள்ளைகளில் சிலர் அதைப் பார்த்திருப்பார்கள். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி முழுக்க லினக்ஸில்தான் நடக்கிறது. 2019இல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் புதிய பதிப்பை ஏற்றியபோது, உரிமக் கட்டணமாகப் போயிருக்க வேண்டிய ரூ.3,000 கோடி மிச்சம் என்று அங்குள்ள கைட் நிறுவனம் கணக்குச் சொன்னது. அந்தப் பிள்ளைகள் யாரும் படிப்பில் பின்தங்கிவிடவில்லை.

லினக்ஸின் குறையையும் சொல்லிவிடுகிறேன். டேலி நேரடியாக அதில் ஓடாது. இன்பேஜ் ஓடாது. ஆடிட்டர் கேட்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனை அதில் வேலை செய்ய வைப்பதும் சிரமம். ஆகவே கணக்கு எழுதும் கணினிக்கு அது பொருந்தாது. எழுத, படிக்க, இணையத்தில் விண்ணப்பிக்க, பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தாராளமாகப் போதும்.

நான்காவது, புதிய கணினி வாங்குவது. மற்ற மூன்றும் பொருந்தாத இடத்தில் மட்டும் இதற்கு வர வேண்டும்.

ஐந்தாவதாக ஒரு குறுக்கு வழியும் சந்தையில் இருக்கிறது. "தகுதி இல்லாத மிஷினிலும் 11 போட்டுத் தருகிறேன், லைசென்ஸ் எல்லாம் தேவையில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. தகுதியற்ற கணினியில் ஏற்றினால் அப்டேட் வருவதற்கு மைக்ரோசாப்ட் உத்தரவாதம் தரவில்லை. எதற்காக மாறினோமோ அதுவே கைக்கு எட்டாமல் போகலாம். கிராக் செய்த மென்பொருளோ, திருடன் கையாலேயே பூட்டு மாட்டிக்கொள்வது போன்றது. மார்க்க ரீதியாகவும் இது சாதாரண விஷயம் இல்லை. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, எழுத்துரிமை, கண்டுபிடிப்புரிமை போன்றவை ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்ட உரிமைகள், அவற்றை மீறக்கூடாது என்று தீர்மானித்தது. ஹலாலான நன்கொடையில் நடக்கும் அலுவலகத்தில் திருட்டு மென்பொருள் இருக்கக்கூடாது.

நிர்வாகக் குழுவின் பரிந்துரை

எல்லாக் கணினிக்கும் ஒரே மருந்து வேண்டாம் என்பதே எங்கள் யோசனை. கணினியின் வயதைப் பார்ப்பதற்கு முன்னால் அதற்குள் யாருடைய விவரம் இருக்கிறது என்று பார்ப்போம்.

மனுக்களும் கணக்கும் உள்ள அலுவலகக் கணினி, பாதுகாப்பு அப்டேட் வரும் விண்டோஸுக்கு ரமளான் பிறக்கும் முன் மாற வேண்டும். சோதித்துப் பார்த்ததில் அதற்குத் தகுதி இல்லை. ஆகவே ஒரே ஒரு கணினி மட்டும் புதிதாக வாங்க அனுமதி கேட்கிறோம். மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி உங்கள் முன் வைப்போம். ஜகாத் நிதியிலிருந்து இதற்கு ஒரு பைசாவும் எடுக்கப்படாது. பொது நன்கொடைக் கணக்கிலிருந்துதான் செலவு.

அதில் இருந்த பழைய கணினியை வீசப்போவதில்லை. அதிலுள்ள மனுக்களையும் விவரங்களையும் முழுமையாக அழித்துவிட்டு, தமிழ், உருது பழைய கோப்புகளுக்கென்று ஒதுக்குவோம். இணைய இணைப்பைத் துண்டித்து வைப்போம். வெளியிலிருந்து வரும் பென் டிரைவையும் அதில் செருக விடமாட்டோம். இணையத்தில் இல்லாத மிஷினுக்கு ஆபத்து மிகக் குறைவு. அங்கே இருந்தபடியே கோப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக யூனிகோடுக்கு மாற்றலாம். தமிழுக்கு யூனிகோடைத் தமிழக அரசு 2010லேயே தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. இந்த வேலைக்கு உருதும் தமிழும் தெரிந்த இரண்டு இளைஞர்கள் முன்வந்தால் துஆச் செய்வோம்.

பெண்களுக்கான பயிற்சி வகுப்பில் இருக்கும் எட்டு கணினிகளிலும் லினக்ஸ் ஏற்றுவோம். இவை தோல் தொழில் செய்யும் அன்பர்கள் தங்கள் அலுவலகங்களில் மாற்றியபோது நமக்குத் தந்தவை. இப்போது ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் பக்கத்து அலுவலகங்களிலும் இதே காரணத்துக்காகக் கணினிகளை மாற்றுகிறவர்கள் இருப்பார்கள். தூக்கிப்போடும் முன் நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். லினக்ஸ் ஏற்றினால் இன்னும் சில ஆண்டுகள் ஒரு பிள்ளையின் கையில் இருக்கும். இஸ்ராஃபைத் தவிர்க்க விரும்பும் பெரியவர்களுக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

ஒரு நிபந்தனை. எந்தக் கணினி நம் வாசலைத் தாண்டினாலும், காயலான் கடைக்கே போனாலும், அதன் ஹார்ட் டிஸ்க்கை கழற்றிய பிறகோ முழுமையாக அழித்த பிறகோதான் போக வேண்டும். 'டெலிட்' கொடுத்த கோப்பை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. குப்பையில் போன டிஸ்க்கிலிருந்து ஒரு விதவைத் தாயின் ஆதார் வெளியே போனால், நாம் செய்த உதவியே அவருக்கு உபத்திரவமாகிவிடும்.

வீடுகளுக்கு மூன்று வார்த்தை

உங்கள் வீட்டுக் கணினியில் வங்கி வேலை நடக்கிறதா? பிள்ளைகளின் சான்றிதழ்கள், ஹஜ் விண்ணப்பத்துக்கான பாஸ்போர்ட் நகல்கள் அதில் இருக்கின்றனவா? ஆம் என்றால், முதலில் கூடுதல் கால அப்டேட்டில் பதிந்துகொள்ளுங்கள். வரும் அக்டோபருக்குள் விண்டோஸ் 11ஆ, லினக்ஸா என்று முடிவு செய்யுங்கள். பாட்டு, படம், விளையாட்டு மட்டும்தான் என்றால் அவசரமில்லை. அதில் வங்கிக் கணக்கைத் திறக்காமல் இருந்தால் போதும்.

எதை மாற்றுவதற்கும் முன்பு பேக்கப் எடுங்கள். திருமணப் புகைப்படங்கள், சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து, அதைத் திறந்து பார்த்து, பிறகு கழற்றி பீரோவில் வையுங்கள். கணினியிலேயே செருகி வைத்திருந்தால் வான்னாகிரை போன்றது வரும்போது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

மூன்றாவது, "மைக்ரோசாப்ட்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, நாங்கள் சொல்லும் செயலியை இறக்குங்கள்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். மைக்ரோசாப்ட் யாருக்கும் தானாகப் போன் செய்து கணினியைச் சரிசெய்து தருவதில்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

அன்பானவர்களே! புதியது என்பதற்காக ஒன்றை வாங்க வேண்டாம். பழகியது என்பதற்காக ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். நம்மை நம்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்களின் விவரம் எங்கே பத்திரமாக இருக்குமோ அங்கே வைப்போம். மீதி இடத்தில் சிக்கனமாக இருப்போம். ஒரு புதிய கணினி, பயிற்சி வகுப்பில் லினக்ஸ், பழைய கோப்புகளுக்கு இணையமில்லாத மிஷின் ஆகிய மூன்றும் உங்கள் ஒப்புதலுக்காக வைக்கப்படுகின்றன. ஆட்சேபணை உள்ளவர்கள் தாராளமாக எழுந்து சொல்லுங்கள், அதற்குத்தான் மஷூரா.

நம் கையில் ஒப்படைக்கப்பட்டவற்றைச் சரியாகக் காத்துத் திருப்பிக் கொடுக்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.